மஞ்சளித்த கிரீனுக்கு யூரியா மருந்தல்ல

எங்கள் கோல்ஃப் மைதானத்தின் கிரீன்களில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைகளில், வளர்வது டிஃப்ட்வார்ஃப் என்னும் பெர்முடா புல் வகை. நம் அருகம்புல்லின் கலப்பினம். கோடையில் அது மஞ்சளித்ததும் யூரியா போடச் சொல்லாத ஆளில்லை. ஆனால் வெளிறியது இளந்தளிர். நரம்புகள் பச்சையாகவே நின்றன. யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) குறை என்றால் முதிர்ந்த இலைதான் முதலில் பழுக்கும். எனக்கு இரும்புச்சத்தின் மேல்தான் சந்தேகம். ஆழ்துளைக் கிணற்று நீர் சுண்ணாம்பு மிகுந்தது. மண்ணின் அமில-கார அளவான பிஹெச் 8-ஐத் தாண்டியிருந்தது. அத்தகைய மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாது.

பயிற்சி கிரீனின் ஓரத்தில் கயிறு கட்டிப் பாத்திகள் பிரித்தேன்: யூரியா, அம்மோனியம் சல்பேட், இரும்பு சல்பேட் தெளிப்பு, எதுவும் இடாத வெறும் பாத்தி. கடைசியானதை வீண் என்றார்கள். அது இல்லாவிட்டால் மழை செய்த வேலையை உரத்தின் கணக்கில் எழுதிவிடுவோம். முதல் இரு பாத்திகளிலும் தழைச்சத்து சதுர மீட்டருக்கு 3 கிராம் என்று சமப்படுத்தினேன். யூரியாவில் அது 46 சதவீதம், அம்மோனியம் சல்பேட்டில் 21. ஆகவே முறையே சுமார் 6.5 கிராம், 14 கிராம்.

யூரியாப் பாத்தி மளமளவென்று வளர்ந்தது, வெளிறியபடியே. இரும்பு தெளித்தது சீக்கிரமே கரும்பச்சையானது. புல் வெட்ட வெட்ட நிறமும் போயிற்று. அம்மோனியம் சல்பேட் மண்ணை மெல்ல அமிலமாக்குவதால் தாமதமாகத் தேறி, நிலைத்தது. இப்போது அதையே முக்கிய உரமாக இட்டு, இடையிடையே இரும்பைக் குறைந்த அளவில் தெளிக்கிறோம். இறுகிய இடங்களில் துளையிட்டு மணலும் நிரப்புகிறோம்.

இரும்பைத் தெளிக்கும்போது சிமென்ட் பாதையில் மட்டும் படவிடாதீர்கள். துருக்கறை தேய்த்தாலும் போகாது.