குளூம்ஹேவனில் எது முன், எது பின்

குளூம்ஹேவன் என்பது அட்டைகளைக் கொண்டு அரக்கர்களோடு மோதும் பலகை விளையாட்டு. எங்கள் வீட்டில் அதன் பெட்டியைத் திறந்தால் விதிப்புத்தகம் தானாக என் மடிக்கு வந்துவிடும். நான் கேட்டு வாங்கிய பதவி அல்ல. தங்கைக்குத் தன் கையில் இருக்கும் அட்டைகளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. அத்தான் எந்த விதியையும் தனக்குச் சாதகமாகவே வாசிப்பார். சித்தப்பா மகனோ, அரக்கன் செத்தானா இல்லையா என்று மட்டும் கேட்பான். ஆகவே தாக்குதல் தொடர்பான பஞ்சாயத்து எல்லாம் என்னிடம்தான் வந்து நிற்கும்.

ஷீல்டு (அடியைக் குறைக்கும் கவசம்) என்ன செய்யும், பாய்சன் (அடியை ஒன்று கூட்டும் விஷம்) என்ன செய்யும், பியர்ஸ் (ஷீல்டைத் துளைப்பது) என்ன செய்யும் என்று தனித்தனியாகக் கேட்டால் மூவரும் சரியாகவே சொல்வார்கள். மூன்றும் ஒரே அடியில் சேரும்போது எதை முதலில் கணக்கிடுவது என்பதில்தான் குரல் உயரும். அதனால் நான் ஒவ்வொரு தாக்குதலையும் ஒரே வரிசையில் விசாரிக்கிறேன்: யாருக்கு அடி, எத்தனை அட்டை எடுக்க வேண்டும், மொத்த எண் என்ன, எவ்வளவு கழியும், அதன் பிறகு என்ன நடக்கும். இங்கே சொல்வது ஐசக் சில்ட்ரெஸ் வடிவமைத்து 2017இல் வெளிவந்த முதல் பதிப்பின் விதிகள். இரண்டாம் பதிப்பும், இதன் தொடர்ச்சியாக வந்த ஃப்ரோஸ்ட்ஹேவனும் சில இடங்களில் வேறுபடும். அவற்றை இதோடு கலக்க வேண்டாம்.

யாருக்கு அடி என்பதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். உங்கள் அறுகோணக் கட்டத்தின் ஏதாவது ஒரு மூலையிலிருந்து எதிரியின் கட்டத்தின் ஏதாவது ஒரு மூலைக்குச் சுவரைத் தொடாமல் கோடு இழுக்க முடிந்தால் பார்வை உண்டு. நடுவில் நிற்கும் அரக்கனோ, நண்பனோ, பாறையோ பார்வையை மறைப்பதில்லை. பழைய நிலவறை விளையாட்டுகளில் பழகியவர்கள் இதை நம்பவே மாட்டார்கள். தூரத்தை எண்ணும்போது மட்டும் சுவருக்குள் புகுந்து எண்ணக் கூடாது. அட்டையில் ‘டார்கெட் 3’ என்று இருந்தால் மூன்று வெவ்வேறு எதிரிகள் என்று பொருள். ஒருவனையே மூன்று முறை குத்த முடியாது. கட்டங்களை வரைந்து காட்டும் பரப்புத் தாக்குதலைத் தூரத்திலிருந்து போடும்போது, வரைந்த கட்டங்களில் ஒன்று மட்டும் தூரத்துக்குள் இருந்தால் போதும். அந்த ஒன்றில் எதிரி யாரும் நிற்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஆனால் அடி வாங்கும் ஒவ்வொருவர் மீதும் பார்வை இருந்தாக வேண்டும்.

அடுத்தது மாடிஃபையர் அட்டை, அதாவது ஒவ்வொரு அடிக்கும் கட்டிலிருந்து எடுத்து அடியின் எண்ணை மாற்றும் அட்டை. ஆரம்பத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருபது அட்டைகள்: பூஜ்யம் ஆறு, கூட்டல் ஒன்று ஐந்து, கழித்தல் ஒன்று ஐந்து, கூட்டல் இரண்டு ஒன்று, கழித்தல் இரண்டு ஒன்று, இரட்டிப்பு ஒன்று, அடியையே வெறுமையாக்கும் அட்டை ஒன்று. மூன்று பேரைத் தாக்கினால் மூன்று முறை தனித்தனியாக எடுக்க வேண்டும். என் தங்கை இரட்டிப்பு வந்தால் ‘இது மூவருக்கும்’ என்பாள். வெறுமை வந்தால் ‘இது முதல் ஆளுக்கு மட்டும்’ என்பாள். இரண்டுக்கும் ஒரே விதிதான்: ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. அரக்கர்களுக்கும் அப்படியே. ஒரே முறையில் இரண்டு பேரைத் தாக்கும் எலும்புக்கூடுகள் வந்தால் அரக்கர் கட்டிலிருந்து ஆளுக்கு ஒன்று எடுங்கள்.

அட்வான்டேஜ் இருந்தால் இரண்டு அட்டை எடுத்து நல்லதை வைத்துக்கொள்வீர்கள். டிஸ்அட்வான்டேஜ் என்றால் மோசமானதை. இரண்டும் சேர்ந்து வந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும், ஓர் அட்டைதான். வில்லோ மந்திரமோ கொண்டு தூரத்திலிருந்து அடிக்க வேண்டியவர், ஒட்டி நிற்கும் எதிரியை அடித்தால் டிஸ்அட்வான்டேஜ். இதை அந்த ஒட்டி நிற்கும் எதிரிக்கு மட்டும் பாருங்கள். அதே தாக்குதலில் மூன்று கட்டம் தள்ளி நிற்பவனுக்கு வழக்கம்போல ஓர் அட்டை. ஈகிள்-ஐ காகிள்ஸ் என்ற கண்ணாடி மட்டும் முழுத் தாக்குதலுக்கும் அட்வான்டேஜ் தரும். அதை மூன்று பேரை அடிக்கும் அட்டையோடு சேர்த்துப் பயன்படுத்தாமல், சாகக் கிடக்கும் ஒருவன் மீது வீணாக்குபவரைப் பார்த்தால் எனக்கு உள்ளூர எரியும்.

சுழல் அம்பு போட்ட ரோலிங் அட்டைகள் (வந்தால் அதோடு இன்னொன்றும் எடுக்க வேண்டியவை) பின்னால் அட்டைக்கட்டில் சேரும்போது குழப்பம் இன்னும் கூடும். அட்வான்டேஜில் எடுத்த இரண்டில் ஒன்று ரோலிங் என்றால் இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டுமே ரோலிங் என்றால் சாதாரண அட்டை வரும்வரை எடுத்து, எல்லாவற்றையும் கூட்டுங்கள். டிஸ்அட்வான்டேஜில் ரோலிங் அட்டைகளுக்கு மதிப்பே இல்லை. சாதாரண அட்டை மட்டும் செல்லும். ‘கூட்டல் ஒன்று’ நல்லதா, ‘பூஜ்யம், கூடவே ஸ்டன்’ (எதிரியைச் செயல்பட விடாமல் முடக்குவது) நல்லதா என்று தீர்க்க முடியாமல் இரண்டு அட்டைகள் வந்தால், முதலில் எடுத்ததுதான் செல்லும். இந்தக் கடைசி விதி எங்கள் வீட்டில் பல மாலைகளைக் காப்பாற்றியிருக்கிறது. அத்தான் இரண்டு அட்டைகளையும் ஒரே இழுப்பில் எடுத்துவிட்டு, எது முதலில் வந்தது என்று யோசிப்பதுபோல் பாவனை செய்வார். ஆகவே ஒன்றை மேசையில் வைத்த பிறகே அடுத்ததைத் தொடலாம் என்று கட்டளை போட்டிருக்கிறேன்.

இப்போது எண். அட்டையில் அச்சிட்ட அட்டாக் மதிப்பு, அதன் மேல் கிடைக்கும் கூடுதல்கள், எதிரிக்குப் பாய்சன் இருந்தால் அதற்கான ஒன்று, இவற்றை முதலில் கூட்டுங்கள். அதன் மேல்தான் மாடிஃபையர் அட்டை. அதற்கும் பிறகுதான் ஷீல்டு. பியர்ஸ் இருந்தால் அந்த அளவுக்கு ஷீல்டைக் கண்டுகொள்ள வேண்டாம்.

உதாரணமாக, அத்தான் ஆடும் புரூட் என்ற வீரன் அட்டாக் 3, பியர்ஸ் 1 உள்ள அட்டையைப் போடுகிறார். எதிரே நிற்பவனுக்கு ஷீல்டு 2. அவன் மேல் பாய்சனும் இருக்கிறது. மூன்றோடு ஒன்று, நான்கு. இரட்டிப்பு அட்டை வந்தது, எட்டு. ஷீல்டு இரண்டில் பியர்ஸ் ஒன்றைத் தின்றுவிட்டது; மீதி ஒன்றைக் கழித்தால் ஏழு. சித்தப்பா மகன் முதலில் ஷீல்டைக் கழித்து, பிறகு இரட்டித்து, கடைசியில் பாய்சனைக் கூட்டினான், ஐந்துதான் வந்தது. அந்த இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஓர் அரக்கன் பிழைத்துப் போவான். இரட்டிப்புக்குப் பதில் கழித்தல் ஒன்று வந்திருந்தால்? நான்கில் ஒன்று போக மூன்று, ஷீல்டில் ஒன்று போக இரண்டு. பியர்ஸ் 3 இருந்து எதிரிக்கு ஷீல்டு ஒன்றுதான் என்றால், மிச்சமான இரண்டு பியர்ஸால் பயன் ஏதுமில்லை. அது கூடுதல் அடியாக மாறாது. ஏற்கெனவே பாய்சன் உள்ளவனுக்கு மறுபடியும் பாய்சன் கொடுத்தால் இரண்டாகக் கணக்கு வைக்கக் கூடாது.

நீங்கள் அடி வாங்கும்போதும் இதே வரிசைதான். தலையில் அயர்ன் ஹெல்மெட் இருந்தால் அரக்கர் எடுக்கும் இரட்டிப்பு அட்டை வெறும் பூஜ்யமாகிவிடும். பொன் கையில் வந்தவுடன் எல்லாரும் வாள் பக்கம் பார்க்கிறார்கள். நான் முதலில் வாங்குவது இந்தத் தலைக்கவசத்தைத்தான்.

அடி முடிந்த பிறகு நடப்பவற்றில் இரண்டைப் பற்றித்தான் அடிக்கடி கேட்பார்கள். முதலாவது, ஸ்டன், மடில் (தாக்கும்போது டிஸ்அட்வான்டேஜ் தருவது) போன்ற நிலைகள். அடியால் சேதம் ஏற்பட்டதா என்பதைப் பொறுத்து இவை வருவதில்லை. வெறுமை அட்டை வந்து சேதம் பூஜ்யமானாலும், உங்கள் அட்டையில் ஸ்டன் எழுதியிருந்தால் எதிரிக்கு ஸ்டன் உண்டு. இதைச் சொன்னபோது தங்கை விதிப்புத்தகத்தை என்னிடமிருந்து பிடுங்கித் தானே படித்துப் பார்த்தாள். இது உங்களுக்கு எதிராகவும் வரும். கையிலிருந்து ஓர் அட்டையையோ, ஏற்கெனவே ஆடி ஒதுக்கி வைத்த இரண்டு அட்டைகளையோ இழந்து சேதத்தைத் தவிர்க்கலாம். அதனுடன் வந்த பாய்சனைத் தவிர்க்க முடியாது.

இரண்டாவது, ரிட்டாலியேட். தாக்கப்பட்டவன் திருப்பிக் கொடுக்கும் சேதம் இது. உங்கள் அடியில் அவன் செத்துவிட்டால் கிடையாது. உயிரோடு இருந்தால், நீங்கள் அவனுக்குப் பூஜ்யச் சேதம் கொடுத்திருந்தாலும் உண்டு. வேறு தூரம் அச்சிடப்படாதவரை ஒட்டி நிற்பவர்களையே அது தொடும்; வில்லாளி ஒரு கட்டம் விலகி நின்று அடித்தால் கவலையில்லை. இதைத் தாக்குதலாகக் கருதாதீர்கள். மாடிஃபையர் அட்டை எடுக்க வேண்டியதில்லை, உங்கள் ஷீல்டும் இதைத் தடுக்காது. புரூட்டுக்கு எத்தனை ஷீல்டு இருந்தாலும் ரிட்டாலியேட் 2 என்றால் இரண்டு. அத்தான் இதை இன்னும் ஏற்கவில்லை, ஆனால் கணக்கு என் கையில்.

நெருப்பு, பனி போன்ற தனிமங்களைச் செலவழித்து அடியைக் கூட்டும் அட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் உருவாக்கும் தனிமம் உங்கள் முறை முடியும்போதுதான் பலகையில் வலுப்பெறும். ஆகவே ஓர் அட்டையின் மேல் பாதியில் நெருப்பை உண்டாக்கிவிட்டு, அதே முறையில் இன்னோர் அட்டையின் கீழ்ப் பாதிக்கு அதையே எரிக்க முடியாது. உங்களுக்குப் பின்னால் அதே சுற்றில் வரும் நண்பன் எடுத்துக்கொள்ளலாம். இடையில் அதே நெருப்பைச் செலவழிக்கும் அட்டையோடு ஓர் அரக்கன் வந்தால் அவனும் எடுத்துக்கொள்வான். அதனால் நெருப்பு போடுபவரும் அதை நம்பியிருப்பவரும் தங்கள் முறைகளுக்கு இடையே எவரும் நுழையாதபடி, நெருக்கமான இனிஷியேட்டிவ் எண் (யார் முறை எப்போது என்று சொல்லும் எண்) உள்ள அட்டைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.