சியர்வா சி.30ஏ: வீட்டுக் கணினியில் ஒரு பழைய ஆட்டோஜைரோ

கணினிச் சிமுலேட்டருக்காக நான் செய்த சி.30ஏ ஆட்டோஜைரோ (மேலே இருக்கும் ரோட்டர் என்ற பெரிய விசிறியைப் பறக்கும்போது எஞ்சின் அல்ல, காற்றே சுற்றும் விமானம்) முதல் தடவை தரையை விட்டு எழுந்ததும் பக்கவாட்டில் கவிழ்ந்தது. இரண்டாவது தடவையும் அதே பக்கம். ஃப்ளைட்கியர் சிமுலேட்டரில் தப்பு என்று ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது. இந்த இயந்திரத்தை உருவாக்கிய ஸ்பெயின்காரர் ஹுவான் தெ லா சியர்வா 1920களின் தொடக்கத்தில் செய்த அதே தப்பு.

ரோட்டர் சுற்றிக்கொண்டே முன்னால் போகும்போது ஒரு பக்கத்து பிளேடு காற்றை எதிர்த்து வரும், மறுபக்கத்து பிளேடு காற்றோடு ஒதுங்கும். சி.30ஏ-யின் ரோட்டர் நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று. பிளேடு நுனியின் வேகம் விநாடிக்கு 118 மீட்டர். விமானம் 30 மீட்டர் வேகத்தில் போனால் ஒரு நுனிக்கு 148, மறு நுனிக்கு 88. தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக ஒரு பக்கம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கவிழாமல் என்ன செய்யும்? சியர்வாவின் சின்ன மாடல் மட்டும் ஒழுங்காகப் பறந்தது, அதன் பிளேடுக்குள் இருந்த பிரம்பு வளைந்து கொடுத்ததால். அதைப் புரிந்துகொண்டு, பிளேடு மேலும் கீழும் அசைந்து கொடுக்கும்படி, அது ரோட்டர் தலையோடு சேரும் இடத்தில் கீல் வைத்தார். 1923 ஜனவரியில் மாட்ரிட் பக்கத்து ஹெதாஃபேயில் அவருடைய சி.4 ஆட்டோஜைரோ பறந்தது.

எனவே முதல் அறிவுரை: ஒவ்வொரு பிளேடையும் தனியாகக் கணக்குப் போட ஆசைப்படாதீர்கள். கீல் அந்த ஏற்றத்தாழ்வைச் சமன் செய்துவிடுவதால் ரோட்டர் முழுவதையும் ஒரே தட்டாக எடுத்துக்கொள்ளலாம். சி.30ஏ-க்கு விட்டம் 37 அடி. தட்டின் பரப்பு சுமார் 100 சதுர மீட்டர். முழு எடை 816 கிலோ. ஜேஎஸ்பிசிம் (ஃப்ளைட்கியரில் பறத்தலைக் கணக்கிடும் பகுதி) கோப்பில் தட்டு காற்றைச் சந்திக்கும் கோணத்துக்கு ஓர் அட்டவணை போடுங்கள். தூக்குக் குணகம் (தட்டு எவ்வளவு நன்றாகத் தூக்குகிறது என்பதன் எண்) அதிகபட்சம் 0.9 பக்கம் நிற்கட்டும். 90 டிகிரியில் இழுவைக் குணகம் (காற்று எவ்வளவு தடுக்கிறது என்பதன் எண்) 1.2, அதாவது ஒரு பாராசூட்.

இதோடு நிறுத்தினால் கிடைப்பது மெதுவாகப் பறக்கும் சாதா விமானம். பலர் செய்வது இதுதான்: பெரிய இறக்கையை ஒளித்துவைத்து, மேலே விசிறியைப் படமாகச் சுற்றவிடுவது. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ரோட்டருக்கென்று சொந்தச் சுற்றுவேகம் வேண்டும். அது மெதுவாக ஏறி, மெதுவாக இறங்க வேண்டும்.

வழி சுலபம். இந்த ரோட்டரின் சுற்றுவேகம் அது சுமக்கும் பாரத்தின் வர்க்கமூலத்தோடு போகும். நேராகப் பறக்கும்போது 200 என்றால், இருமடங்கு பாரம் விழும் இறுக்கமான திருப்பத்தில் சுமார் 283. அதை இலக்காக வைத்து, நிஜச் சுற்று அந்த இலக்கை மூன்று விநாடித் தாமதத்தோடு துரத்தும்படி எழுதினேன். அப்புறம் தூக்குவிசையை (நிஜச் சுற்று ÷ இலக்குச் சுற்று) என்பதன் வர்க்கத்தால் பெருக்குங்கள். இந்த ஒரு வரி வந்ததும் இயந்திரத்துக்கு உயிர் வந்துவிடும். மூக்கைத் தடாலென்று கீழே தள்ளினால் ரோட்டரின் பாரம் குறையும், சுற்று விழும், ஸ்டிக் சொன்னபடி கேட்காது. ஆட்டோஜைரோ ஓட்டுகிறவர்கள் பயப்படும் சங்கதி அது.

அடுத்து ரோட்டர் தலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பறக்கும்போது தட்டு பின்னால் சாய்ந்திருக்கும். தலை ஈர்ப்பு மையத்துக்கு நேர் மேலே இருந்தால் மூக்கு தூக்கிக்கொண்டே போகும். 1.5 மீட்டர் உயரம், 6 டிகிரி சாய்வு என்றால் தலை சுமார் 16 சென்டிமீட்டர் பின்னால் இருக்க வேண்டும். மில்லில் ஃபிட்டராக இருந்த காலத்துப் பழக்கம், இதைக் காகிதத்தில் அளவுகோல் வைத்துத்தான் சரிபார்த்தேன்.

சி.30ஏ-யில் இறக்கை கிடையாது. சாதா விமானத்தைத் திருப்பும் அசையும் மடல்களான எய்லரான், எலிவேட்டர், ரடர் எதுவும் கிடையாது. ரோட்டர் தலையிலிருந்து தொங்கும் கம்பிதான் ஸ்டிக். அதைத் தள்ளினால் தலையே சாயும். ஆகவே ஜாய்ஸ்டிக்கின் இரண்டு அச்சுகளையும் தட்டின் சாய்வோடு மட்டும் இணையுங்கள். வானத்தில் காலுக்கு வேலை இல்லை. கிளம்பும் முன் ரோட்டரைச் சுற்றிவிட எஞ்சினிலிருந்து ஒரு கிளட்ச் உண்டு. அதற்கு ஒரு விசை ஒதுக்குங்கள். 180-ஐத் தொட்டதும் கிளட்சை விட்டு, பிரேக்கை விடுங்கள். விட மறந்து, தரையிலேயே உருண்டு திரும்பியது எத்தனை தடவை என்று கேட்காதீர்கள்.

பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைமென்பொருளில் உருவம் செய்வதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, இரண்டு இடங்களைத் தவிர. ஒன்று, வால். பாதியைச் செய்துவிட்டு மிரர் கட்டளையைத் தட்டுவது எல்லோருக்கும் கைவந்த பழக்கம். இங்கே அது தப்பு. புரொப்பெல்லரின் முறுக்கை ஈடுகட்ட, கிடைவாலின் ஒரு பக்கத்து வளைவைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்திலும் டக்ஸ்ஃபோர்டிலும் சி.30ஏ இருக்கிறது, அவற்றின் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். நான் மிரர் செய்து, பெயின்டும் அடித்து முடித்த பிறகுதான் கவனித்தேன்.

இரண்டு, சுற்றும் பிளேடு. ஹெலிகாப்டர் மாதிரி மங்கலான வட்டம் போடாதீர்கள். நிமிடத்துக்கு 200 என்றால் விநாடிக்கு மூன்று சுற்றுச் சொச்சம். கண்ணுக்குப் பிளேடு தெரியும். மூன்று பிளேடு என்பதால் விநாடிக்குப் பத்து வீச்சு. ஒலிக்கோப்பிலும் ஏழு சிலிண்டர் ஜெனட் மேஜர் எஞ்சின் சத்தத்துக்கு அடியில் அந்தப் பத்து ‘வூப்’ கேட்க வேண்டும். நிற்கும்போது பிளேடுகள் தொங்கட்டும், பறக்கும்போது சற்றே மேலே தூக்கட்டும்.

சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு சோதனை. நாசாவுக்கு முன்பிருந்த நாக்கா அமைப்பு, பிட்கெர்ன் பிசிஏ-2 ஆட்டோஜைரோவை நிஜமாகவே பறக்கவிட்டு அளந்து 434-ஆம் அறிக்கையாக வெளியிட்டது. செங்குத்தாக இறங்கினால் விநாடிக்கு 35 அடி, சுமார் 35 மைல் வேகத்தில் சறுக்கினால் 15 அடி. அதற்குக் குட்டி இறக்கை உண்டு, எடையும் அதிகம்; ஆனாலும் உங்கள் சி.30ஏ அந்தப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். 3,000 அடியில் எஞ்சினைக் குறைத்து, ஸ்டிக்கை மெல்ல இழுத்து, முன்வேகத்தைச் சாகவிடுங்கள். மேலே கொடுத்த எண்களைப் போட்டால் விநாடிக்குச் சுமார் 35 அடி வரும். எனக்கு முதலில் 70 பக்கம் வந்தது. விட்டம் வர வேண்டிய இடத்தில் ஒரு வரியில் ஆரத்தைப் போட்டிருந்தேன்.

இறங்குவதற்கு 50 மைல் வேகத்தில் வாருங்கள். தரை நெருங்கும்போது ஸ்டிக்கை நிதானமாக இழுத்துக்கொண்டே இருங்கள். ரோட்டர் சுற்று ஒரு கணம் ஏறும், இரைச்சல் கூடும், வால் சக்கரம் முதலில் தொடும். சிமுலேட்டரில் 15 மைல் எதிர்க்காற்று வைத்துப் பார்த்தேன். இரண்டு ஆள் நீளம்கூட உருளவில்லை.