பழைய ஜாஸ் கிட்டார் சுருதி சேர்ந்த கதை

பதினஞ்சு வருஷ ஆசைங்க. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜோ பாஸ் வாசிச்ச ஜிப்சன் ஈஎஸ்-175 இருக்குல்ல, 1949-ல வந்த மாடல், அந்த மாதிரி எஃப் வடிவ ஓட்டை போட்ட கிட்டார் ஒண்ணு வேணும்னு அலைஞ்சு போன மாசம்தான் ஒரு பெரியவர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல கெடச்சுது, கேஸைத் திறந்ததும் வந்த மர வாசனைக்கே கண்ணு கலங்கிடுச்சு.

ஆனா வீட்ல வந்து வாசிச்சா சுருதியே சேரல. ஓப்பன்ல, அதாவது எங்கயும் அழுத்தாம மீட்டினா, சரியா இருக்கு, 12-வது ஃப்ரெட்ல (கழுத்துல குறுக்கா பதிச்ச உலோகக் கோடு) அழுத்தினா எல்லா ஸ்ட்ரிங்கும் சுருதி ஏறிப் போகுது, மூணாவது ஸ்ட்ரிங் ரொம்ப மோசம்.

ரெண்டு நாள் கழிச்சுதான் புரிஞ்சுது. இந்த டைப்ல ஸ்ட்ரிங்கைத் தாங்குற பிரிட்ஜை உடம்போட ஒட்டியிருக்க மாட்டாங்க, ஸ்ட்ரிங் அழுத்தத்துலதான் நிக்கும், யாரோ ஆறு ஸ்ட்ரிங்கையும் ஒரேடியா கழட்டினதுல நகர்ந்திருக்கு. ஸ்ட்ரிங்கை லேசா தளர்த்தி பிரிட்ஜை டெயில்பீஸ் (ஸ்ட்ரிங்கோட கீழ் நுனியை மாட்டுற பாகம்) பக்கமா துளித்துளியா தள்ளி, 12-வது ஃப்ரெட் ஹார்மோனிக்கும் (அழுத்தாம லேசா தொட்டு மீட்டுற ஸ்வரம்) அழுத்தின ஸ்வரமும் ஒண்ணா வர்ற வரைக்கும் பார்த்தேன் (இறங்கி கேட்டா நெக் பக்கம் தள்ளணும்). அப்பவும் மூணாவது அடங்கல. அந்த மரப் பிரிட்ஜ் கம்பி சுத்தின மூணாவது ஸ்ட்ரிங்குக்காக செதுக்கினது, போட்டிருந்ததோ எதுவும் சுத்தாத வெறும் கம்பி. மூணாவதும் கம்பி சுத்தினதா வர்ற 12 கேஜ் (தடிமன் அளவு) ஃப்ளாட்வூண்ட், அதாவது தட்டைக் கம்பி சுத்தின செட் வாங்கி ஒவ்வொண்ணா மாத்தினேன், பிரிட்ஜ் இடத்தை டேப் ஒட்டி குறிச்சுக்கிட்டு.

அப்புறம் ஒரு ஜி மேஜர் செவன்த் கார்டு பிடிச்சேன் பாருங்க, உருண்டையா, இதமா, அப்படி ஒரு நாதம்! ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கீழ வைக்கவே இல்ல.