பேனாக்கத்தியோடு பயணம்: தென்னாப்பிரிக்கச் சட்டம் எதைப் பார்க்கிறது

கத்தியின் அலகு பத்து சென்டிமீட்டருக்குள் இருந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று டர்பன் பக்கம் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதை நம்பிக் கிளம்பாதீர்கள். 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அபாயகர ஆயுதங்கள் சட்டத்தில் (2013ஆம் ஆண்டின் 15ஆம் எண்) நீள அளவே கிடையாது. தவறாகப் பயன்படுத்தினால் உயிரைப் பறிக்கவோ பலத்த காயம் உண்டாக்கவோ கூடிய எந்தப் பொருளும், துப்பாக்கி நீங்கலாக, அதன் கண்ணில் ஆயுதம்தான். சட்டைப்பையில் கிடக்கும் சின்னப் பேனாக்கத்தியும் இதில் அடக்கம். நீளத்துக்குக் கட்டுப்பாடு எங்காவது இருந்தால் அது நகராட்சித் துணைவிதியில் இருக்கும். போகிற ஊரின் விதியைத் தனியாகப் பாருங்கள்.

கத்தி வைத்திருப்பது மட்டுமே குற்றமாகிவிடாது. தப்பான காரியத்துக்குத்தான் வைத்திருக்கிறார் என்று நியாயமான சந்தேகம் எழும் சூழ்நிலையில் வைத்திருப்பதே குற்றம். அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை. அந்தச் சந்தேகத்தை எதை வைத்து எடை போடுவது என்றும் சட்டமே சொல்கிறது: இடம், நேரம், உங்கள் நடத்தை, கத்தியை எப்படி எடுத்துப் போகிறீர்கள், போதைப்பொருள் வியாபாரம், கும்பல் தொடர்பு போன்றவை உண்டா என்பவை. வேலை, விளையாட்டு, பொழுதுபோக்கு, சமயச் சடங்கு, முறையான சேகரிப்பு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு.

ஆக, காரணம் கத்தியோடு சேர்ந்தே கண்ணில் பட வேண்டும். கடற்கரையில் மத்தி மீனை இரைக்கு நறுக்கும் கத்தி, தூண்டில் பெட்டிக்குள் நரம்புச் சுருளோடும் கொக்கிகளோடும் இருந்தால் பார்த்தவுடனே புரிந்துவிடும். அதே கத்தியை இரவு பத்து மணிக்கு இடுப்பில் செருகிக்கொண்டு மினிபஸ் டாக்ஸியில் ஏறினால், மீன் பிடிக்கப் போனேன் என்பது வெறும் வாய்ச்சொல். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, உறையில் போட்டு, பெட்டியைப் பூட்டிக் காரின் டிக்கியில் வையுங்கள். டிராக்கன்ஸ்பர்க் மலைக்கு முகாம் போகிறவர்கள் சமையல் சாமான் பைக்குள் வைத்தால் போதும். கார் கதவுப் பையிலும் இருக்கைக்கு அடியிலும் மட்டும் வேண்டாம். சட்டென்று எடுக்க வாகாக வைத்தது போலத் தெரியும். 'தற்காப்புக்கு' என்ற பதில் விலக்குப் பட்டியலில் இல்லை. மனிதர் மேல் பயன்படுத்தத்தான் வைத்திருக்கிறேன் என்று நீங்களே சொல்வதாகவும் ஆகும்.

காவடிக்குப் பூசணிக்காய் வெட்டவும் எலுமிச்சம்பழம் அறுக்கவும் கொண்டுபோகும் கத்தி சமய விலக்குக்குள் வரும். பூஜைச் சாமான் கூடையில், துணியில் சுற்றி வைத்துப் போய், முடிந்ததும் நேரே வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள். ஆர்ப்பாட்டத்துக்கோ ஊர்வலத்துக்கோ போகும் நாளில் கத்தியே வேண்டாம். கூட்டங்களை ஒழுங்குபடுத்தும் 1993ஆம் ஆண்டுச் சட்டம் அதில் கலந்துகொள்பவர்களுக்கு ஆயுதத்தைத் தடை செய்கிறது.

பள்ளிக்கூட வளாகம் இன்னும் கறார். அங்கே ஆயுதத்துக்கே தடை; பிள்ளையை அழைத்துவரப் போகும் பெற்றோருக்கும் அதே தடைதான். நீதிமன்றம், அரசு அலுவலகம் போன்ற இடங்களின் வாசலில், ஆபத்தான பொருள் ஏதும் இருக்கிறதா என்று கேட்கக் காவலருக்கு அதிகாரம் உண்டு; கேட்டால் மறைக்காதீர்கள்.

சாலைத் தடுப்பில் நிறுத்தினால், கத்தி இருக்கும் இடத்தை முதலில் வாயால் சொல்லுங்கள், நீங்களாகக் கையை விட்டு எடுக்காதீர்கள். தடுப்புக்கான எழுத்து அனுமதியின் நகலைக் காட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒருவேளை வழக்கென்று ஆனால், 'குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போங்கள்' என்ற பேச்சு வரும். வீட்டுக்குப் போனால் போதுமென்று கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் பின்னால் அவதிப்படுகிறார்கள். அது தண்டனைப் பதிவாக நின்று, விசா விண்ணப்பத்தில் முளைக்கலாம். வக்கீலிடம் பேசாமல் கட்டாதீர்கள்.

டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்தில் கத்தி எந்த அளவானாலும் செக்-இன் பெட்டியில் போடுவதே புத்திசாலித்தனம். கைப்பையில் மறந்திருந்தால், நேரமிருந்தால் கவுண்டருக்குத் திரும்பலாம். இல்லாவிட்டால் கத்தி போனதுதான்.

இறங்குகிற நாட்டில் கணக்கே வேறு. இந்திய ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகை ஆயுத வகையில் சேர்க்கின்றன; வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்காகச் செய்தவை நீங்கலாக. பிரிட்டனில் பொது இடத்தில் காரணம் சொல்லாமல் வைத்திருக்கக்கூடியது ஒன்றே ஒன்று: வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்தி. பூட்டு இருந்தால் எவ்வளவு குட்டியானாலும் அது மடங்காத நிலைக்கத்திக்குச் சமம். சோதிப்பது எளிது. அலகை முழுக்க விரித்து, கூர் இல்லாத முதுகுப் பக்கத்தை மெல்ல அழுத்துங்கள்; பொத்தான், தகடு, வளையம் எதையும் தொடாமலே மடங்கினால் பூட்டில்லை. விக்டோரினாக்ஸின் 91 மில்லிமீட்டர் கத்திகள் (மடக்கிய நிலையில் உள்ள நீளம், அலகின் நீளமல்ல) இப்படி மடங்கும். ஓப்பினெல் 8ஆம் எண் மடக்குக் கத்தியில் கழுத்து வளையத்தைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும், அலகும் எட்டரை சென்டிமீட்டர்; லண்டன் பயணத்துக்கு அதை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.