அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை விட்டு விட்டு வருகிறதா?

மாலை நேரத்தில் இணையம் வழியாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். ஒரு நாள் இரவு மடிக்கணினி தானாக அப்டேட் ஆனது. மறுநாள் வகுப்பில் ஒரு பிள்ளை பின்னக் கணக்கை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தாள். "கீழே இருக்கிற எண்ணை..." என்ற இடத்தில் குரல் நின்றுபோனது. அரை நிமிடம் கழித்து இணைப்பு திரும்பியபோது அவள் விடைக்கே வந்துவிட்டாள். எந்தப் படியில் தடுமாறினாள் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது, அது போய்விட்டது. அன்று மட்டும் 5 தடவை இப்படி. வைஃபை அடையாளமோ முழுதாக நிறைந்தே இருந்தது.

முதல் 2 நாள் கண்ணில் பட்ட அமைப்பையெல்லாம் மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் நாள், எதையும் தொடாமல் எங்கே அறுபடுகிறது என்று மட்டும் பார்த்தேன். அப்புறம்தான் வழி தெரிந்தது. நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட்தான். விண்டோஸில் கணினியைச் சீக்கிரம் தொடங்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கினால், ஷட் டவுன் செய்யும்போது டிரைவர்களின் (வைஃபை அட்டை போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருள்) நிலையை அப்படியே சேமித்துவைத்து, அடுத்த முறை அதையே திரும்ப எடுத்துக்கொள்ளும். குழம்பிய டிரைவர் குழம்பியபடியே வரும். ரீஸ்டார்ட் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும். ரவுட்டரையும் ஒரு நிமிடம் அணைத்துப் போடுங்கள். பிறகு கைபேசியை அதே மேசையில் வைத்து, அதே வைஃபையில் ஒரு வீடியோ ஓட விடுங்கள். கைபேசியிலும் அறுந்தால், பழி அப்டேட் மேல் இல்லை, ரவுட்டரைப் பாருங்கள்.

கைபேசி ஒழுங்காக ஓடுகிறதா? சரி, இப்போது பிங், அதாவது ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சோதனை. கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுத்தால், டிஃபால்ட் கேட்வே என்ற இடத்தில் ரவுட்டரின் முகவரி தெரியும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. உங்கள் கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். இல்லையென்றால் இரண்டு ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் ரவுட்டரையும் மற்றதில் 8.8.8.8 என்ற கூகுள் முகவரியையும் பிங் செய்யுங்கள் (ping என்று தட்டி, இடம் விட்டு, முகவரி). கட்டளையின் கடைசியில் ஒரு சிறு கோடும் ஆங்கில டி எழுத்தும் சேர்த்தால் நிற்காமல் ஓடும். மேக்கிலும் லினக்ஸிலும் அது தேவையில்லை, தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். அரை மணி நேரமாவது விட்டுவையுங்கள்.

என் திரையில் ரவுட்டரிடமிருந்து 2, 3, 2 மில்லி விநாடி என்று பதில் வந்துகொண்டிருந்தது. திடீரென்று 180, 240. அப்புறம் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று வரிசையாக 7 வரி. விண்டோஸில் அப்படி ஒவ்வொரு வரிக்கும் 4 விநாடிக் காத்திருப்பு. 7 வரி என்றால் ஏறக்குறைய அரை நிமிடம். பிள்ளையின் குரல் காணாமல் போன அதே அரை நிமிடம். பக்கத்து ஜன்னலும் அதே நேரத்தில் நின்றிருந்தது.

இரண்டும் சேர்ந்து நின்றால், கோளாறு கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவில். ரவுட்டர் பதில் சொல்லி 8.8.8.8 மட்டும் நின்றால், இணைய நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். இரண்டுமே ஓடியும் தளங்கள் திறக்கவில்லை என்றால் தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்பைப் பாருங்கள்.

என் விஷயத்தில் இன்னொரு தடயமும் இருந்தது. சார்ஜர் செருகியிருக்கும் காலை வேளையில் ஒரு வரிகூடத் தவறவில்லை. பேட்டரியில் ஓடும் மாலையில்தான் எல்லாம். அப்டேட் வைஃபை டிரைவரை மாற்றும்போது, நாம் முன்பு செய்துவைத்த அமைப்புகள் பழையபடி தொடக்க நிலைக்குப் போய்விடலாம். மின்சேமிப்பும் அதில் ஒன்று. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் போய், வைஃபை அட்டையின் ப்ராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் தாவலைத் திறங்கள். மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தைக் கணினி அணைக்கலாம் என்ற வரியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். (சில மடிக்கணினிகளில் அந்தத் தாவலே இருக்காது.) லினக்ஸில் நெட்வொர்க் மேனேஜர் பயன்படுத்துபவர்கள் வைஃபை பவர்சேவ் மதிப்பை 2 என்று வைத்தால் மின்சேமிப்பு நிற்கும். நான் அந்த டிக்கை எடுத்த அன்று மாலை, பேட்டரியிலேயே பாடம் எடுத்தேன். ஓரத்தில் பிங் ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்றரை மணி நேரமும் பதில் வந்துகொண்டே இருந்தது.

அதில் தீரவில்லை என்றால் டிரைவரையே திருப்புங்கள். அதே ப்ராப்பர்ட்டீஸில் டிரைவர் தாவலில் ரோல் பேக் டிரைவர் பொத்தான் இருக்கும். அது மங்கிக் கிடந்தால் பழைய டிரைவர் கைவசம் இல்லை. மடிக்கணினி தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். முதலில் பழையதைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் இருப்பதை நீக்க வேண்டும். நீக்கிய பின் வைஃபை இல்லாமல் போகலாம், அப்போது தரவிறக்கவும் முடியாது. அப்படி மாட்டிக்கொண்டால், கைபேசியை யுஎஸ்பி வயரில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் டெதரிங் செய்யலாம்.

புதிய டிரைவர் கணினியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையிலிருந்து 2.4-க்குக் கொண்டுபோய்விடுவதும் உண்டு. 2.4-இல் ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு, பக்கத்து வீட்டு ரவுட்டர் எல்லாம் சேர்ந்து நெருக்கும். யுஎஸ்பி 3.0 வயர்களும் வட்டுகளும் அதே அலைவரிசையில் இரைச்சல் போடும். வெளி வட்டைக் கழற்றிவிட்டு ஒரு முறை சோதியுங்கள். அட்வான்ஸ்டு தாவலில் ப்ரிஃபர்டு பேண்ட் இருந்தால் 5 என்று வையுங்கள். 2.4-இல்தான் இருந்தாக வேண்டும் என்றால், ரவுட்டரில் 1, 6, 11 என்ற சேனல்களில் காலியானதைத் தேர்ந்தெடுங்கள். மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை அடையாளத்தைத் தொட்டால், எந்த அலைவரிசை, சிக்னல் எவ்வளவு என்று எண்ணாகவே காட்டும். மைனஸ் 50 நன்று. மைனஸ் 80-க்குப் போனால் வீடியோ வகுப்பு தாங்காது.

ரவுட்டரில் குறிப்பிட்ட சாதனங்களுக்கு மட்டும் அனுமதி வைத்திருப்பவர்கள் இதையும் பாருங்கள்: அப்டேட்டுக்குப் பிறகு கணினி தன் வைஃபை அட்டையின் நிஜ அடையாள எண்ணுக்குப் பதிலாகத் தற்செயல் வன்பொருள் முகவரியைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தால், ரவுட்டருக்கு அது முன்பின் தெரியாத ஆள். அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் அந்த வசதியை அணைத்துவிடலாம்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி அரை மணி நேரம் பிங் ஓட விடுங்கள். நெட்வொர்க் ரீசெட் பொத்தானைக் கடைசிக்கு வையுங்கள். சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் அழிந்துபோகும், விபிஎன்னை மறுபடி நிறுவ வேண்டியிருக்கலாம்; எழுதிவைத்துக்கொண்டு அழுத்துங்கள். அதற்கும் மசியவில்லை, வந்தது பெரிய பதிப்பு மாற்றம் என்றால், செட்டிங்ஸில் ரெகவரி பகுதியில் முந்தைய பதிப்புக்குத் திரும்பும் வசதி இருக்கிறது. விண்டோஸ் அதற்குத் தருவது வழக்கமாக 10 நாள்தான். அதனால் கோளாறு தொடங்கிய தேதியை முதல் நாளே குறித்துவையுங்கள்.