பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறீங்களா? முதல்ல கீழே குனியுங்க

நான் முதல்முதலாகப் பார்க்கப் போனது சிவப்பு எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1972 மாடல். பெயின்ட் பளபளவென்று இருந்தது. சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக் கதவுக்குக் கீழே வைத்தேன், ஒட்டவே இல்லை. தகரம் இருக்க வேண்டிய இடத்தில் முழுக்கப் பட்டிப் பூச்சு! எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ், அதாவது உடம்பைத் தாங்கும் தனி அடிச்சட்டம், கிடையாது. கதவுக்கடியில் ஓடும் அந்தப் பகுதியும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகிறது. இன்ஜினைப் பிரித்து மாட்டிவிடலாம். துருப்பிடித்த உடம்பை வெட்டி ஒட்டுவதுதான் பணத்தைத் தின்னும். அதனால் மிதியடியைத் தூக்கிப் பாருங்க, டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் கையை விட்டுத் தடவுங்க.

"நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிடுங்க. போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்க. சூடாக இருந்தால், ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்க முன்பே ஓட விட்டிருப்பாரோ என்று நான் சந்தேகப்படுவேன். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியைக் கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்கலாம்.

டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் தேயாவிட்டாலும் பத்து வருட ரப்பரை நம்பி வேகம் எடுக்காதீங்க.

சேஸிஸ் நம்பர் காகிதத்தோடு பொருந்தாவிட்டால் பேச்சே வேண்டாம், கிளம்பிடுங்க.

எதை வாங்கலாம் என்று கேட்டால், 1989இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5ஐத்தான் சொல்வேன். எளிய இன்ஜின், உதிரிபாகத்துக்கு அதிகம் அலைய வேண்டாம். துரு மட்டும் அதையும் விடாது, காந்தத்தை மறக்காதீங்க.