இஸ்லாம் பற்றி மேற்கத்திய அறிஞர் எழுதியதை எப்படிப் படிப்பது?

இப்படி ஒரு புத்தகம் கையில் கிடைத்தால் நேராக முதல் அத்தியாயத்துக்குப் போகாதீர்கள். எழுதியவர் என்ன வேலை பார்த்தார், யார் கேட்டு எழுதினார் என்று முன்னுரையில் தேடுங்கள். வில்லியம் மியூர் நபிகள் நாயகத்தின் வரலாற்றை 1858 முதல் 1861 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டபோது இந்தியாவில் பிரிட்டிஷ் அதிகாரி, எழுதத் தூண்டியவர் ஃபாண்டர் என்ற மிஷனரி. அதற்காகப் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம், பழைய அரபு நூல்களை உழைத்துத்தான் படித்திருக்கிறார். இந்திய முஸ்லிம் அறிஞர் சர் சையத் அகமது கான் லண்டனுக்கே போய் 1870-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மறுப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே நிகழ்ச்சியை இரண்டிலும் படியுங்கள்.

அப்புறம் ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். குர்ஆன் 7:157 (7-ஆம் அத்தியாயம், 157-ஆம் வசனம்) நபியை ‘உம்மி’ என்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பது முஸ்லிம்கள் பெரும்பாலும் சொல்லும் பொருள், வேதம் அருளப்படாத சமூகத்தவர் என்பது மேற்கத்திய ஆய்வாளர் பலர் சொல்லும் பொருள். உடனே தீர்ப்பு எழுதாமல் 3:20-ஐப் புரட்டினால் வேதம் கொடுக்கப்பட்டவர்கள் ஒரு பக்கம், உம்மிகள் ஒரு பக்கம் என்று இருக்கும், மேற்கத்திய ஆய்வாளர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று புரியும். சரி, முஸ்லிம்கள் சொல்லும் பொருளுக்கு ஆதாரம் தேடி 29:48-க்கும் போங்கள். இதற்கு முன் நீர் எந்த வேதத்தையும் ஓதியதில்லை, உம் வலக்கையால் எழுதியதும் இல்லை என்கிறது அது.

நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது ஹதீஸ், அதாவது நபியின் சொல், செயல் பற்றிய அறிவிப்புகள், எவ்வளவு பழையவை என்ற விவாதத்தில்தான். ஒரு சட்டத் தகராறில் பயன்பட்டிருக்க வேண்டிய ஹதீஸை யாரும் எடுத்துக் காட்டவில்லை என்றால் அப்போது அது இல்லவே இல்லை என்று 1950-இல் மேற்கத்திய ஆய்வாளர் ஜோசப் ஷாக்ட் வாதிட்டார். சொல்லவில்லை என்றால் தெரியாது என்று ஆகிவிடுமா என்று மறுத்தவர் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த முஸ்லிம் அறிஞர் முஸ்தபா அஸமி. பின்னால் ஜெர்மானியரான ஹரால்ட் மோட்ஸ்கி, அப்துர் ரஸ்ஸாக் தொகுத்த ‘முஸன்னஃப்’ என்ற பழைய ஹதீஸ் தொகுப்பில் அறிவிப்பாளர் வரிசைகளை (யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற பட்டியலை) எண்ணி எண்ணிப் பார்த்தார். அதில் வரும் அறிவிப்பாளர் இப்னு ஜுரைஜ், அதா என்ற தன் ஆசிரியரிடம் கேட்டதைச் சொல்லும்போது, வார்த்தை சரியாக நினைவில்லாத இடத்தில் அதையும் சொல்லிவிடுகிறார், ஆசிரியரோடு முரண்படும் இடத்தையும் மறைக்கவில்லை. இட்டுக்கட்டுகிறவன் இப்படித் தயங்க மாட்டான் என்ற மோட்ஸ்கி, அந்தச் செய்திகளில் பல இஸ்லாமிய ஆண்டுக் கணக்கான ஹிஜ்ரியின் முதல் நூற்றாண்டுக்கே போகின்றன என்றார். மேற்கத்தியர்களுக்குள்ளேயே இப்படிக் கருத்து வேறுபாடு இருப்பதால் ‘மேற்கத்தியர்கள் சொல்கிறார்கள்’ என்று பேச்சைத் தொடங்காதீர்கள், ஆள் பெயரைச் சொல்லுங்கள்.

படித்ததை முஸ்லிம் நண்பரிடம் கொண்டுபோகும்போது புத்தகத்தில் உள்ளதை முதலில் எடுத்து வைக்க வேண்டாம். அந்த வசனத்தைச் சின்ன வயதில் எப்படிக் கேட்டு வளர்ந்தார் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கட்டும், உங்கள் சந்தேகத்தை அப்புறம் கேட்கலாம்.